ஒரு தவ் கூடத் தப்பாது!

சின்னமனூரில் என் தாய்மாமா ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். உடனே ஏ.சி., ரிசப்ஷன், கண்ணாடிக் கதவு என்று கற்பனையை ஓடவிடாதீர்கள். தகரக் கொட்டகை, அவரைவிட வயதான ஒரு லேத், ஒரு வெல்டிங் செட், ஒரு பையன், சாமி படம் போட்ட காலண்டர். அவ்வளவுதான் ஸ்தாபனம். ஆனால் கம்பம் வரைக்கும் வாழை போட்டவர், திராட்சை போட்டவர் என்று பலரும் மோட்டார் ஷாஃப்ட் தேய்ந்தால் அவரைத் தேடித்தான் வருவார்கள்.

ஜாப்பை முடித்து, துடைத்து, கையில் கொடுக்கும்போது மாமா ஒரே வசனம்தான் சொல்வார்.

"ஒரு தவ் கூடத் தப்பாது. கொண்டு போய் மாட்டு."

தவ் என்பது லேத்காரர்களின் பாஷை. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. தச்சர்கள் நூல் கணக்குப் பேசுவார்கள். ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம், சுமார் 3 மில்லிமீட்டர். ஒரு நூலுக்குள் 125 தவ் அடக்கம். அதனால் தச்சர்கள் மேல் மாமாவுக்கு லேசான இளக்காரம் உண்டு. "மரம்னா தட்டி உள்ள ஏத்திரலாம் மாப்ள. இரும்பு ஏறாது" என்பார்.

அப்பேர்ப்பட்ட மாமா ஒரு ஷாஃப்ட்டைக் கெடுத்துவிட்டார் என்று போன வருஷம் அத்தை போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, வீட்டில் யாரோ ஓடிப்போய்விட்ட மாதிரி சொன்னார்.

"ஒண்ணு இல்லப்பா, ரெண்டு. யார்கிட்டயும் சொல்லாத. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ."

சென்னையிலிருந்து போடிக்கு 2023-லிருந்து ரயில் ஓடுகிறது. ஆபீஸில் 'பாட்டிக்கு சீரியஸ்' என்று லீவ் லெட்டர் எழுதிவிட்டு (அந்தப் பாட்டிக்கு இது நாலாவது சீரியஸ்) தேனியில் இறங்கி பஸ் பிடித்தேன்.

பட்டறையில் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கவனித்தேன். மாமா வழக்கம்போல லேத்தை ஓட்டினார், நிறுத்தினார், வெர்னியரை எடுத்தார். எடுத்து, பையனிடம் நீட்டினார்.

"எவ்வளவுன்னு சொல்லு பாப்போம். ஒனக்கு வெர்னியர் பாக்கத் தெரியுதான்னு டெஸ்ட் பண்றேன்."

பையன் சொன்னான். மாமா "ம்" என்றார். மத்தியானத்துக்குள் பதினோரு டெஸ்ட். ஒரு மனுஷன் பதினோரு தடவை டெஸ்ட் வைத்தால் அது டெஸ்ட் இல்லை.

அதைவிட வயிற்றைக் கலக்கிய விஷயம் ஒன்று. கடையும் இடம் தெரியவேண்டும் என்பதற்காக, சுற்றிக்கொண்டிருக்கும் சக்குக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனார். தோளில் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. லேத்தில் துண்டு சிக்கினால் என்ன ஆகும் என்று பட்டறைக்காரர்களைக் கேளுங்கள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கேட்காதீர்கள்.

அன்று மாலை வாய்க்கால் பக்கம் நடந்தோம்.

"மாமா, கண்ணுல புரை விழுந்திருக்கு. தேனிக்குப் போய் ஆபரேஷன் பண்ணிக்கலாம்."

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "ஒங்க தாத்தாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?" என்றார்.

தெரியும். அந்த லேத்தை வாங்கியவரே தாத்தாதான். 1980-களின் ஆரம்பத்தில் ஒரு கண் முகாமில் அவருக்குப் புரை எடுத்தார்கள். அந்தக் காலத்து முறைப்படி, மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக உள்ளே ஒன்றும் வைக்காமல், வெளியே ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். அப்போது அதுதான் வைத்தியம், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பிளஸ் 10 பவர் சுமாருக்கு இருக்கும் அந்தக் கண்ணாடியில் ஒரு சங்கடம். எல்லாப் பொருளும் கால் பங்கு பெரிசாகத் தெரியும், கிட்டத்தில் வந்து நிற்கும். தாத்தா காபி டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் டம்ளருக்கு இந்தப் பக்கமே விரல் மூடிக்கொள்ளும். சாப்பிட, நடக்க எப்படியோ பழகிக்கொண்டார். லேத்தை மட்டும் அப்புறம் தொடவே இல்லை.

"கண்ணு வந்துச்சு மாப்ள. கை போயிருச்சு" என்றார் மாமா. "எனக்கு இப்பயாவது மங்கலா ஒரு அளவு தெரியுது. அதுவும் போயிட்டா நான் என்னத்தப் பாக்க?"

சிரிக்கத்தான் வாயெடுத்தேன். வரவில்லை.

*

தாத்தாவுக்கும் மாமாவுக்கும் நடுவே நடந்தது ஒரு நல்ல கதை. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் போர் விமானிகள் சிலருக்கு, விமானத்தின் பிளாஸ்டிக் மேல்கூரை குண்டு பட்டுச் சிதறி, துணுக்குகள் கண்ணுக்குள் போய்விட்டன. ஹெரால்ட் ரிட்லி என்ற கண் டாக்டர் ஒன்றைக் கவனித்தார். வேறு எது கண்ணுக்குள் போனாலும் கண் சிவந்து சண்டை போடுகிறது. இந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் சொந்தக்காரன் மாதிரி சும்மா விட்டுவைக்கிறது. அப்படியானால் அதிலேயே லென்ஸ் செய்து உள்ளே வைத்தால் என்ன?

1949 நவம்பரில் லண்டனில் வைத்தும் விட்டார். லென்ஸ் உட்கார்ந்தது, ஆனால் பவர் தாறுமாறாகத் தப்பிவிட்டது. இயற்கை லென்ஸின் வளைவையே பிளாஸ்டிக்குக்கும் கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் ஒளியை இன்னும் அதிகமாக வளைக்கும் ஜாதி. அந்தப் பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது. ஐடியா சரி, அளவு தப்பு. மாமா இருந்திருந்தால் "டிராயிங்கைப் பாக்காமக் கடைஞ்சிருக்கான்" என்றிருப்பார். சக டாக்டர்கள் ரிட்லியை வருஷக்கணக்கில் திட்டித் தீர்த்தார்கள். கடைசியில் உலகமே அவர் வழிக்கு வந்தது. 1990-களில் அவருடைய கண்களிலேயே அதே மாதிரி லென்ஸ் வைத்துக்கொண்டார். 'தன் மருந்தைத் தானே குடித்த வைத்தியர்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் லென்ஸ் நம்ம ஊருக்கு வருவதில் வேறு சிக்கல். 1990-களின் ஆரம்பத்தில் வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டாலருக்கும் மேல். அன்றைய மதிப்பில் 2,500, 3,000 ரூபாய். தோட்டக் கூலிக்காரருக்கு அது பல மாசச் சம்பளம். பணக்காரருக்குக் கண்ணுக்குள் லென்ஸ், ஏழைக்கு மூக்குமேல் சோடாபுட்டி என்று பிரிந்துவிடும் நிலைமை.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல், அரசாங்க வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு, 11 படுக்கையோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. இளம் வயதிலேயே மூட்டுவாதம் அவர் விரல்களைக் கோணலாக முறுக்கிவிட்டது. பேனா பிடிக்கவே கஷ்டம். அந்த விரல்களைப் பழக்கி, லட்சம் கண்ணுக்கு மேல் ஆபரேஷன் செய்தார். நமக்கு லேசாகச் சுளுக்கினால் மூணு நாள் மெடிக்கல் லீவ்.

லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றதும் அரவிந்த்காரர்கள் 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலை தொடங்கினார்கள். நூறு டாலர் சாமான் பத்து டாலருக்கு வந்தது, அப்புறம் அதற்கும் கீழே இறங்கியது. வேலை செய்பவர்களில் நிறையப் பேர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். அவர்கள் கையால் ஆன லென்ஸ் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

*

தேனியில் அரவிந்தின் ஆஸ்பத்திரி 1980-களின் நடுவிலிருந்தே இருக்கிறது. மாமாவைக் கூட்டிப்போனேன். கூட்டிப்போனேன் என்பது நாகரிகமான வார்த்தை. அத்தை முன்னால், நான் பின்னால், நடுவில் மாமா. தப்பிக்க வழி இல்லை.

ஒரு பெண் அவரை ஒரு மெஷின் முன்னால் உட்காரவைத்து, கண்ணின் நீளத்தை அளந்தாள். அதுவரை கோவில் கிடா மாதிரி உட்கார்ந்திருந்த மாமா, 'அளவு' என்ற வார்த்தை கேட்டதும் நிமிர்ந்தார்.

"எம்புட்டு பாப்பா?"

"இருபத்து மூணரை மில்லிமீட்டருக்குப் பக்கமா வருதுங்கய்யா."

"ஒரு மில்லி முன்னப் பின்ன இருந்தா?"

"அய்யோ! ஒரு மில்லிமீட்டர் தப்பினா கண்ணுல மூணு பவர் வரைக்கும் தப்பிரும். அதான் திரும்பத் திரும்ப அளக்கிறோம்."

மாமா என் பக்கம் திரும்பினார். ஆறு மாசத்தில் முதல் தடவையாக முகத்தில் ஒரு தெளிச்சி.

"மாப்ள, இவுக நம்மாளுக."

ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. "உள்ள வைக்கிற லென்ஸு வார்ப்பா, கடைசலா? அதைக் கேட்டுச் சொல்லு."

அந்தப் பெண்ணுக்கு அன்று நூறு கண் அளக்க வேண்டியிருந்தது. பாவம், விட்டுவிட்டேன். பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படித்துவிட்டு ஸ்டேட்மென்ட் டைப் அடிக்கும் என்னைப் போன்றவன் வேறு எதற்கு இருக்கிறான்? லாட்ஜ் ரூமில் விடிய விடிய உட்கார்ந்து படித்தேன். மறுநாள் காலை டீக்கடை பெஞ்சில் வைத்து ஒப்பித்தேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இரண்டு விதமாகவும் வரும். பிளாஸ்டிக் வில்லையை லேத்தில் மாட்டிக் கடைவது ஒரு வழி. அச்சில் வார்ப்பது இன்னொரு வழி. ஆனால் வார்ப்புக்கு அச்சு வேண்டுமே, அந்த அச்சின் முகத்தையும் கடைந்துதான் ஆகவேண்டும். எப்படிச் சுற்றினாலும் கதை லேத்தில்தான் வந்து நிற்கிறது.

"அப்படிச் சொல்லு!" என்று மாமா இன்னொரு டீ சொன்னார்.

ஆனால் டூல் வேறு. முனையில் வைரம். நகைக்கடை வைரம் மாதிரி பளபளப்புக்காக இல்லை. ஒரே படிகமான வைரத்தின் விளிம்பை எவ்வளவு கூர்மையாகத் தீட்டலாமோ, அவ்வளவு கூர்மையாக வேறு எதையும் தீட்ட முடியாது. சாதாரண டூல் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் வெட்டும், கொஞ்சம் பிய்க்கும். வைரம் சவரம் செய்கிறது.

கண்ணாடி லென்ஸை அரைத்து அரைத்துத்தான் மெருகேற்றுவார்கள். இரண்டு பரப்புகளை எல்லாத் திசையிலும் மாற்றி மாற்றித் தேய்த்தால் அது தானாகவே பந்து வளைவுக்கு வந்துவிடும். நல்ல லென்ஸுக்கு விளிம்புப் பக்கம் அந்த வளைவு கொஞ்சம் மாறவேண்டும். தேய்த்து அதைக் கொண்டுவருவது பெரும்பாடு. வைர லேத்தில் கம்ப்யூட்டர் சொன்ன வளைவில் டூல் நகர்ந்தால் முடிந்தது வேலை.

"ஃபினிஷிங் எப்படி வரும்?" மாமா கேட்ட கேள்விதான் கேள்வி.

லேத் வேலையில் டூல் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் நகரும். அதனால் உழுத வயல் மாதிரி மேடும் பள்ளமும் விழும். வைர டூலின் முனை 1 மி.மீ. ஆரம் உள்ளது என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 5 மைக்ரான் நகர்த்துகிறோம். மேட்டின் உயரம், கணக்குப்படி, 3 நானோமீட்டர். மாமாவின் ஒரு தவ்வை எட்டாயிரத்துச் சொச்சம் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கு! நிஜத்தில் மெஷின் ஆட்டத்தையும் சேர்த்து இன்னும் கொஞ்சம் கூடும். அப்படியும் ஒளியின் அலைநீளம் அரை மைக்ரான் சுமார். இந்த மேடு ஒளிக்குத் தட்டுப்படவே தட்டுப்படாது.

மாமா நம்பவில்லை. வேறு மாதிரி சொன்னேன். லென்ஸின் பார்வைப் பகுதி 6 மி.மீ. அகலம். அதைத் தேனியிலிருந்து கம்பம் வரைக்கும், 40 கிலோமீட்டருக்கு, இழுத்துப் பெரிசாக்குங்கள். வழி முழுக்க மேடு பள்ளம் 2 சென்டிமீட்டருக்கு மேல் இருக்காது.

டீக்கடையில் அந்த ரூட்டில் ஓட்டும் பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். "இதைச் செஞ்சவனையே ரோடு போடச் சொல்லுங்க சார்" என்றார்.

இதற்கு லேத்தும் நம்ம லேத் இல்லை. சக்கைத் தாங்கும் தண்டு பால் பேரிங்கில் ஓடாது. மெல்லிய காற்றுப் படலத்தின்மேல் மிதந்தபடி சுற்றும். கீழே பெரும்பாலும் கருங்கல் படுக்கை, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள. அறையின் சூடு ஏறாமல் இறங்காமல் இருக்கவேண்டும். ஏனென்றால் ஒரு மீட்டர் இரும்பு, ஒரு டிகிரி சூட்டுக்கு 12 மைக்ரான் நீளும். மாமாவின் தகரக் கொட்டகையில் காலைக்கும் உச்சி வெயிலுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்றால், ஒரு மீட்டர் ஷாஃப்ட் கிட்டத்தட்ட 5 தவ் வளர்ந்திருக்கும்.

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இதை வெளிய சொல்லாத."

சில லென்ஸ்களில் இன்னொரு வேடிக்கை. தண்ணீர் உறிஞ்சும் ஜாதிப் பிளாஸ்டிக்கைக் காய்ந்த நிலையில் கடைந்து, பிறகு ஊறவைப்பார்கள். ஜவ்வரிசி மாதிரி உப்பும். எவ்வளவு உப்பும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்த அளவுக்குச் சின்னதாகக் கடையவேண்டும். ஊறிய பிறகு மெத்தென்று மடியும். மடித்து, 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியாக உள்ளே செலுத்தினால், உள்ளே போய்ப் பாய் மாதிரி விரித்துக்கொள்ளும்.

"அப்ப நானும் ஒரு வைர டூல் வாங்கிப் போட்டா?"

"முடியாது மாமா. வைரம்னா சுத்தமான கரி. கடையிற சூட்டுல இரும்பைப் பாத்துச்சுன்னா கரி அதுக்குள்ள கரைஞ்சு போயிரும், முனை மழுங்கிரும். பிளாஸ்டிக், அலுமினியம், தாமிரத்தையெல்லாம் வெட்டும். ஒங்க ஷாஃப்ட்கிட்ட தோத்துரும்."

வைரம் தன்னிடம் தோற்கும் என்று கேட்டதும் மாமாவுக்கு வந்த திருப்தி இருக்கிறதே! அந்தத் திருப்தியோடே ஆபரேஷன் தியேட்டருக்கு நடந்து போனார்.

*

மறுநாள் கட்டைப் பிரித்ததும் முதலில் என் சட்டையைப் பார்த்தார். "வெள்ளையாடா இது? மஞ்சள்னுல்ல நெனச்சேன்." புரை விழுந்த லென்ஸ் மஞ்சள் கண்ணாடிக் காகிதம் மாதிரி நீலத்தை மறைத்துவிடும். ஊருக்குத் திரும்பும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து மேகமலையையே பார்த்துக்கொண்டு வந்தார். "இம்புட்டு நீலமாவா இருந்துச்சு?" என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்டது என் தலைமுடியைப் பற்றி. அதை விடுங்கள்.

தூரம் பளிச். கிட்டத்துக்கு மட்டும் ஒரு சாதாரணப் படிக்கும் கண்ணாடி போதும் என்று ஒரு மாசம் கழித்துக் கொடுத்தார்கள். டம்ளர் இருக்கிற இடத்தில் இருந்தது. தாத்தாவுக்குப் போன கை மாமாவுக்குப் போகவில்லை.

கண்ணாடி வந்த அன்றைக்கு மாமா செய்த முதல் காரியத்தை அத்தைதான் போனில் சொன்னார். பட்டறையில் டெலிவரிக்காகக் கிடந்த பழைய ஜாப்களை எல்லாம் தானே வெர்னியர் வைத்து அளந்திருக்கிறார். அப்புறம் நோட்டைப் பிரித்து, ஆறு மாசமாக ஷாஃப்ட் வாங்கிப் போனவர்களுக்கு வரிசையாகப் போன் போட்டிருக்கிறார். "கழட்டிக் கொண்டா, அளக்கணும்."

கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் "நல்லாத்தானய்யா ஓடுது?" என்றாராம்.

"ஓடும். நாலு மாசத்துல பேரிங்கைத் தின்னுரும். எனக்குத் தெரியாம இருந்துச்சு, இப்பத் தெரியுது. கொண்டா."

வந்ததில் மூன்று தேறவில்லை. மூன்றையும் கூலி வாங்காமல் புதுசாகக் கடைந்து கொடுத்தார். தேறிய ஜாப்களை நோட்டில் பார்த்தால், எல்லாமே பையன் அளவு சொன்னவை. கெட்டுப்போன மூன்றும் பையன் லீவ் போட்ட நாட்களில் செய்தவை.

அடுத்த தடவை நான் ஊருக்குப் போனபோது பையனுக்குச் சம்பளம் ஏறியிருந்தது. அவன் பேருக்கென்று ஒரு புது வெர்னியரும் பெட்டியோடு இருந்தது. ஒரு ஜாப்பைத் துடைத்து அவனே ஒரு விவசாயியிடம் நீட்டினான்.

"ஒரு தவ் கூடத் தப்பாதுண்ணே. கொண்டு போய் மாட்டுங்க."

மாமா கண்ணாடிக்கு மேலாக அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"வசனம் அப்புறம் பேசலாம். மொதல்ல இன்னொரு தடவை அளடா. வெயில் ஏறிருச்சுல்ல?"